மோட்டாருக்கு வந்த மிஸ்டு கால்கள்

கதைகளில் வரும் தானியங்கி வீடுகளைப் பற்றி எனக்கு ஒரு புகார் உண்டு. அங்கே கதவு தானே திறக்கும், காபி தானே கலந்துகொள்ளும், விளக்கு ஆள் முகம் பார்த்து எரியும். எல்லாம் சரி. ஆனால் அந்த வீட்டுக்கு உறவுக்காரர்கள் யாரும் வருவதே கிடையாது. ஒரே ஒரு மனிதர் ஜன்னலோரம் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பெரியப்பா இல்லை, சித்தி இல்லை, வீட்டில் கல்யாணம் வைத்துப் பத்திரிகை அடித்த அனுபவமும் இல்லை. அடித்திருந்தால் அந்த வீடு ஒரே நாளில் கழன்று போயிருக்கும். பட்டவள் சொல்கிறேன்.

இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது 1993-ல். அப்போது பத்தாம் வகுப்பு. வளவனூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் பஸ் ஏறி விழுப்புரத்துக்குப் போய்ப் படித்தேன். சாயங்காலம் பஸ்ஸைத் தவறவிட்டதாக வீட்டில் ஒரு பொய்யைச் சொல்லிக்கொள்ளலாம் என்று நூலகத்தில் உட்கார்ந்து அறிவியல் கதைகளாகத் தேடித் தேடிப் படிப்பேன். படித்த வேகத்தில் பள்ளி ஆண்டு மலருக்கு நானே ஒரு கதை எழுதினேன். கதை நடப்பது 2010-ல். கதாநாயகியின் கட்டில் காலையில் மெதுவாக ஆடி அவளை எழுப்பும். தரை தன்னைத் தானே கழுவிக்கொள்ளும். சுவர் பாடம் சொல்லிக்கொடுக்கும். அவள் மனதில் நினைத்தால் போதும், தொட்டியில் தண்ணீர் நிறைந்துவிடும்.

தமிழ் டீச்சர் படித்துவிட்டு ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "வந்தவர்கள் செருப்பை எங்கே விடுவார்கள்?" எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவ்வளவு பெரிய கற்பனைக்கு முன்னால் செருப்பா? நோட்டைத் தூக்கிக்கொண்டு நேராக எங்கள் நிலத்துக்குப் போய் அப்பாவிடம் காட்டினேன். அவர் மோட்டார் கொட்டகை வாசலில் உட்கார்ந்து ஒரு வரி விடாமல் படித்தார்.

"எல்லாம் நல்லாத்தான் கீது பாப்பா. கரண்டு பூட்ச்சின்னா அந்த ஊடு இன்னா பண்ணும்?"

"ரெண்டாயிரத்துப் பத்துல கரண்டே போவாதுப்பா."

அப்பா சிரித்த சிரிப்பில் வெற்றிலை புரையேறி, நான்தான் தலையில் தட்டவேண்டியதாயிற்று.

அவர் சிரித்ததில் நியாயம் உண்டு. வயலுக்கு வரும் மும்முனைக் கரண்டு எங்கள் பக்கத்தில் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் ராத்திரியில் வரும். வந்தவுடன் ஓடிப்போய் மோட்டாரைப் போடவேண்டும். கரும்புப் பாத்தி நிறைந்ததும் நிறுத்தவேண்டும். ஒரு நாள் தண்ணீர் பாயாவிட்டால் கரும்பு ஒன்றும் செத்துப்போகாது என்று அம்மா சொல்லிச் சொல்லிப் பார்த்தார். வந்த கரண்டை வீணாக விடுவது அப்பாவுக்குச் சோற்றைக் கொட்டுவது மாதிரி. அதனால் அவர் எந்த விசேஷத்திலும் கடைசிவரை இருந்ததில்லை. மாதா கோயிலில் கதவை ஒட்டிய கடைசி பெஞ்சில்தான் உட்காருவார். நான் முதல் நற்கருணையான புதுநன்மை வாங்கிய அன்று வீட்டில் பிரியாணி வெந்துகொண்டிருந்தது, அப்பா வயலில் மண்வெட்டியோடு நின்றார். யாராவது பந்தியிலிருந்து பாதியில் எழுந்தால்கூட எங்கள் சொந்தத்தில், "இன்னா, கரண்டு வந்துட்ச்சா?" என்றுதான் கேட்பார்கள்.

நானும் சேர்ந்து சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், 2001-ல் எனக்குக் கல்யாணம் ஆகும்வரை. திண்டிவனத்தில் கல்யாணம். பூசை முடிந்தது, தாலி ஏறியது, மண்டபத்துக்கு வந்தோம். மேடையில் குடும்பப் படம் எடுக்க எல்லாரையும் நிறுத்திவிட்டு போட்டோகிராபர் கேட்டார், "பொண்ணோட அப்பா எங்க?" அப்பா பஸ்ஸில் விழுப்புரத்தைத் தாண்டிக்கொண்டிருந்தார். அவர் நிற்க வேண்டிய இடத்தில் அத்தையின் வீட்டுக்காரர் நின்றார். அவர் தங்கமான மனிதர். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் என் கல்யாண ஆல்பத்தை நான் யாருக்கும் காட்டுவதில்லை. அப்பாவிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயம். கேட்காமல் விட்டது ஆறவும் இல்லை.

அதனால் 2010-ல் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனபோது, எனக்கு இருந்தது ஒரே ஒரு வேண்டுதல். இவள் படத்திலாவது அப்பா இருக்கவேண்டும். அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். ஊரில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற மெக்கானிக் ஒருவர், வீட்டில் இருந்தபடியே செல்போனில் மோட்டாரை ஓட்டுவதற்குப் பெட்டி செய்து தருகிறார் என்று கேள்விப்பட்டு ஓடினேன்.

"பழைய போன் ஒண்ணு, உயிரோட கீற சிம்மு ஒண்ணு குடுங்க டீச்சர், போதும்" என்றார். போனைத் தகரப் பெட்டிக்குள் வைத்து, அதன் ஒயரை மோட்டார் ஸ்டார்ட்டரோடு சேர்த்துவிடுவார். ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணினால் மோட்டார் ஓடும். இன்னொரு ரிங் விட்டால் நிற்கும். "பேசுற பெட்டி வேற கீது. இது ஊமைப் பெட்டி. ஓடுதா நின்னுதான்னு சொல்லாது. யாரு அடிச்சாலும் வேலை செய்யும், அதனால நம்பர மட்டும் யாருக்கும் குடுத்துராதீங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்பாவுக்குப் புது போனும் புது நம்பரும் வாங்கிக் கொடுத்தேன். டார்ச் வைத்த அவருடைய பழைய போனைச் சிம்மோடு பெட்டிக்குள் போட்டாயிற்று. "எல்லாருக்கும் புது நம்பரச் சொல்லிடுப்பா" என்றேன். "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்றார். எந்த நம்பரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

என் கதையில் வந்த வீடு மனதில் நினைப்பதைப் புரிந்துகொண்டது. இந்தப் பெட்டிக்குத் தெரிந்தது ஒரே ஒரு ரிங். ஆனாலும் அந்தக் கதாநாயகி ஒரு நாளாவது அப்பா அளவுக்குச் சந்தோஷப்பட்டிருப்பாளா என்பது சந்தேகம். முதல் நாள் வீட்டு வாசலில் நின்றுகொண்டு பட்டனை அமுக்கினார். தூரத்தில் மோட்டார் உறுமியது. "யப்பா, இன்னா ஜல்தி!" என்று குதித்தார். எடுத்துப் பேச ஆள் இல்லாத அந்தப் போனுக்கு ஒவ்வொரு முறையும் "அலோ" சொல்லிவிட்டுத்தான் கட் பண்ணுவார். டீக்கடையில் உட்கார்ந்து ஓட்டிக் காட்டினார். வளவனூர் சந்தையிலிருந்து ஓட்டினார். இரண்டு தடவை, எந்த வேலையும் இல்லாமல், என்னிடம் காட்டுவதற்காகவே திண்டிவனத்துக்கு வந்து என் வீட்டுச் சோபாவிலிருந்து ஓட்டினார்.

அம்மா மட்டும் போனில் முனகினார். "இந்த மோட்டாரு சும்மா சும்மா ஓடிக்கினு கீதுடி. உங்கப்பன் தூங்கும்போதும் ஓடுது."

வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைப் பற்றி அம்மாவுக்கு நான் கால் மணி நேரம் பாடம் நடத்தினேன். அம்மாவும் பாவம், கடைசிவரை கேட்டுக்கொண்டார்.

இதற்குள் அப்பா விழுப்புரத்தில் பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்தார். அச்சுக்குப் போகும் முன் என்னிடம்தான் சரிபார்க்க வந்தது. நான் டீச்சர் அல்லவா? ஒற்று மிகும் இடம், மிகாத இடம் எல்லாம் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். கீழே சின்ன எழுத்தில் இருந்த தொடர்பு எண்ணை நான் பார்க்கவே இல்லை.

எங்கள் சொந்தத்தின் மிஸ்டு கால் வழக்கத்தை இங்கே சொல்லவேண்டும். விசேஷத்துக்குக் கிளம்பினால், பஸ் ஏறியதும் விசேஷ வீட்டுக்கு ஒரு மிஸ்டு கால். பஸ்ஸை விட்டு இறங்கியதும் இரண்டு மிஸ்டு கால். வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று அர்த்தம். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள்.

கல்யாணம் ஈஸ்டர் முடிந்து, மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்கும் சமயத்தில் வந்தது. அந்த வாரம் கரண்டு பகலில். கரும்புக் கொல்லைக்கு ஒரு மணி நேரத் தண்ணீர் போதும். அதற்குமேல் ஓடினால் வரப்பு தாண்டிப் பக்கத்தில் பிடுங்கிக் குவித்திருந்த மல்லாட்டை நனைந்துவிடும். நனைந்தால் முளைத்துவிடும். பார்த்துக்கொள்ள ஊரில் ஆள் இல்லை, ஊரே திண்டிவனத்தில் கல்யாணத்தில் இருந்தது. ஆனால் அப்பா கையில் போன் இருந்ததால் கவலையே இல்லாமல் இருந்தார். பூசையில் வாழ்க்கையில் முதல் தடவையாக முதல் பெஞ்சில் உட்கார்ந்தார். நான் பின்னாலிருந்து அவர் முதுகைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தேன்.

பூசை முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் அப்பா சம்பந்தியைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார். "இப்ப பாருங்க சம்பந்தி, இங்க குந்திக்கினே ஊர்ல மோட்டார ஓட்டுறேன்." அமுக்கினார். லைன் பிசி என்றது. மோட்டார் யாரோடு பேசிக்கொண்டிருக்கிறது என்று சம்பந்தி கேட்டார். அப்பா மறுபடியும் அமுக்கினார். இந்த முறை ரிங் போனது. "அலோ" சொல்லிக் கட் பண்ணிவிட்டு, "ஓடுது" என்று காலரைத் தூக்கிவிட்டார்.

அந்த நேரத்தில் வேர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார் பெரியப்பா.

"இறங்கி நின்னு மிஸ்டு காலு மேல மிஸ்டு காலு குடுக்கிறேன், ஒருத்தனும் வர்ல. பஸ் ஸ்டாண்டுல வெயில்ல நின்னு வெந்து வர்றேன். மனுஷனா நீங்கள்லாம்?"

"எனக்கு ஒண்ணும் வர்லியேண்ணே."

"வர்லியா? நீ அடிச்ச பத்திரிகைதானே இது?" பெரியப்பா பைக்குள்ளிருந்து பத்திரிகையை உருவி, விரலை வைத்துக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். அது பெட்டிக்குள் இருக்கும் போனின் நம்பர். அப்பாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அதுதான். அச்சகத்தில் அதைத்தான் ஒப்பித்திருக்கிறார்.

காலையிலிருந்து விழுப்புரத்தில் பஸ் ஏறியவர், வளவனூரில் ஏறியவர், திண்டிவனத்தில் இறங்கியவர் என்று அத்தனை பேரும் எங்கள் மோட்டாரைப் போட்டு, நிறுத்தி, போட்டு, நிறுத்தியிருக்கிறார்கள். இப்போது அது ஓடுகிறதா, நிற்கிறதா? எந்த மகராசன் கையில் கடைசியாக இருந்தது?

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். அந்த உதறலை எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரே ஓட்டமா போயிட்டு வந்துடறேன் பாப்பா. மல்லாட்டை போயிடும்."

"படம் எடுக்கலப்பா இன்னும்!"

"வந்துடறேன்."

வரமாட்டார். திண்டிவனத்திலிருந்து போய்வருவதற்குள் பந்தலையே பிரித்துவிடுவார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் மேடையில் பாடிக்கொண்டிருந்தவரின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன். அப்போது இருந்த ஒரே யோசனை, ஒத்தையா இரட்டையா என்று கண்டுபிடித்துவிடவேண்டும். எல்லா மிஸ்டு கால்களையும் கூட்டி ஒத்தையாக வந்தால் மோட்டார் ஓடுகிறது. இரட்டையாக வந்தால் நிற்கிறது. இறங்கும்போது இரண்டு கொடுத்தவர்களை விட்டுவிடலாம். ஒன்று போட்டது, ஒன்று நிறுத்தியது, தீர்ந்தது கணக்கு. பஸ் ஏறும்போது கொடுத்தவர்களை எண்ணினால் போதும்.

"பஸ் ஏறும்போது மிஸ்டு கால் குடுத்தவங்க எல்லாம் கை தூக்குங்க!" என்றேன். மண்டபம் முழுக்க நான் பாடம் நடத்தும் வகுப்பு மாதிரி கைகள் எழுந்தன. எண்ணினேன். அப்பாவுடைய ஒன்றையும் சேர்த்து இருபத்து நான்கு. இரட்டை. மோட்டார் நிற்கிறது! நான் கை தட்டப்போன நேரத்தில் சித்தி எழுந்து, தான் ஏறும்போது கொடுத்தேன், ஆனால் இறங்கும்போது ஒன்றுதான் கொடுத்தேன், அதற்குள் ஆட்டோ வந்துவிட்டது என்றார். அப்படியானால் ஒத்தை. ஓடுகிறது. முதல் பந்தியில் உட்கார்ந்திருந்த மாமா ஒருவர், தான் கை தூக்கியது சாம்பார் கேட்பதற்கு என்றார். இரட்டை. பெரியப்பாவோ தான் கொடுத்தது மூன்றா நான்கா என்று நினைவில்லை என்று கையை விரித்தார்.

"இரு, இப்ப ரிங் போவுதான்னு பாத்துடலாம்" என்று சொல்லிப் பெரியப்பாவே போனை எடுத்து அமுக்கினார். நான் "ஐயோ வேணாம்!" என்று மைக்கில் அலறினேன். அதைக் கேட்டுப் பின்வரிசையில் நாலைந்து பேர், என்னதான் நடக்கிறது என்று பார்க்க, ஆளுக்கு ஒரு தடவை அமுக்கினார்கள். போட்டோகிராபரும் அமுக்கினார். அவருக்கு யார் பத்திரிகை கொடுத்தார்களோ தெரியவில்லை.

மண்டபமே சிரித்தது. மணப்பெண்ணான என் தங்கை சிரித்துச் சிரித்துத் தலையிலிருந்த முக்காடு நழுவியது. எனக்கு மட்டும் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. இவ்வளவு பாடுபட்டும் அப்பா போகத்தான் போகிறார். மைக்கைக் கீழே வைத்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தோளிலிருந்த துண்டை எடுத்து மடித்து நாற்காலியில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தார்.

"வுடு பாப்பா. ஓடுனா ஓடட்டும்."

ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. மறுநாள் போய்ப் பார்த்தால் கரும்புக் கொல்லை நிரம்பி வழிந்து, மல்லாட்டைக் குவியலில் பாதி தண்ணீரில் ஊறிக்கிடந்தது. 2010-ல் கரண்டே போகாது என்று அப்பாவிடம் சொன்னேனே, அந்த ஒரு நாள் மட்டும் அது பலித்துவிட்டது. நனைந்ததைக் காயவைத்துப் பயனில்லை என்று அம்மா அண்டா அண்டாவாக உப்புப் போட்டு அவித்தார். சம்பந்தி வீட்டுக்கு ஒரு மூட்டை போனது. மிஸ்டு கால் கொடுத்த வீடுகளுக்கெல்லாம் அப்பாவே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, "இந்தா, நீ இறைச்ச தண்ணி" என்று சொல்லிவிட்டு வந்தார். பிறகு அந்தப் பெட்டியின் சிம்மை மாற்றினோம். சில வருஷம் கழித்துப் பேசுகிற பெட்டியே வாங்கினோம். கரண்டு வந்ததும் அதிலிருந்து ஒரு பெண் குரல் அப்பாவைக் கூப்பிட்டு, மும்முனை மின்சாரம் வந்துவிட்டது என்று சொல்லும். அப்பா மரியாதையாக, "சரிம்மா, வெச்சிடறேன்" என்பார். ஒரு நாள் அதனிடம் சாப்பிட்டாயா என்றும் கேட்டார்.

ஆனால் மேடையில் நடந்ததை நான் இன்னும் சொல்லி முடிக்கவில்லை.

தங்கையின் குடும்பப் படம் எடுத்தார்கள். அப்பா நட்டநடுவில் நின்றார். எல்லாரும் அடுத்த பந்திக்குக் கலைந்தபோது அவர் மட்டும் மேடையை விட்டு இறங்கவில்லை. போட்டோகிராபரை, "இருப்பா, இன்னொண்ணு கீது" என்று நிறுத்தினார். பிறகு என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

"பாப்பா, நீ வா. மாப்பிள்ளய இட்டுக்கினு வா. கொழந்தயும் வரட்டும்."

"எங்களுக்கு எதுக்குப்பா? கல்யாணம் அவளுக்கு."

"ஒனக்கு எடுக்காம வுட்டது ஒண்ணு கீது இல்ல, அத எடுத்துடலாம்."

ஒன்பது வருஷம். நான் கேட்கவே இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. என் கணவர் சாம்பார் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார். எட்டு வயது மகள் எங்கள் கல்யாணப் படத்தில் நிற்கப்போகிறோம் என்று புரியாமல் பல்லைக் காட்டினாள். அந்த நேரம் அப்பாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்க்கவில்லை. பட்டனை அழுத்திப் பிடித்து, வெளிச்சம் போகும்வரை பிடித்து, அணைத்துப் பையில் போட்டார்.

என் கல்யாண ஆல்பத்தை இப்போது வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிறேன். கடைசிப் பக்கத்தில் அந்தப் படம் இருக்கிறது. அதில் அப்பா என் பக்கத்தில் நிற்கிறார்.